வடக்கனந்தலோடு நின்ற நடை

ஆப்பிரிக்காவில் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று சிஸ்டர் சொன்னபோது நாங்களும் மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தோம். கள்ளக்குறிச்சியில் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி அது. ஒன்பதாம் வகுப்புக்கு அறை போதாமல் எங்களை வேப்பமரத்துக்குக் கீழே உட்கார வைத்திருந்தார்கள். காற்றடித்தால் பழுத்த இலை நோட்டின் மேல் விழும். அதைத் தட்டிவிட்டுக்கொண்டே ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்காக நாங்கள் பரிதாபப்பட்டோம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பதுதான் இன்று நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அந்த சிஸ்டர் எங்கள் பக்கத்துக்காரர்தான். திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் பிறந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு மலைநாட்டுப் பள்ளியில் பல வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தார். நாங்கள் அவருக்கு ஆப்பிரிக்கா சிஸ்டர் என்று பெயர் வைத்திருந்தோம். அவர் பள்ளியின் கூரை புயலில் போய்விட்டதாம். கூரை போடப் பணம் வேண்டும். அதற்கு அவர் கொண்டுவந்த யோசனைதான் எங்களைத் திகைக்க வைத்தது. மாணவிகள் எல்லோரும் ஒருநாள் நடக்க வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து கோமுகி அணை வரைக்கும். நடப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு தெரிந்தவர்களிடம் போய், நான் நடக்கும் ஒவ்வொரு மைலுக்கும் நீங்கள் இவ்வளவு தருவீர்களா என்று கேட்டு எழுதி வாங்கி வர வேண்டும். நடந்து முடித்த பிறகு போய் அதை வசூலிக்க வேண்டும். வெளிநாட்டில் எல்லாப் பள்ளிகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார் சிஸ்டர்.

நான் விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் ஊர் வடக்கனந்தலைத் தாண்டி, அணைக்குப் போகும் வழியில் இருந்தது. சாலையை ஒட்டி ஊர், ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அம்மா கூலிக்குப் போவாள். சனிக்கிழமை அட்டையோடு வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மா நாற்றுக் கட்டு தூக்கிய கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நடக்கறதுக்குக் காசு குடுப்பாங்களா? நானுந்தான் தெனம் நடக்கிறன். எனக்கு எவன் குடுத்தான்?"

"இது ஆப்பிரிக்காவுக்கும்மா."

"ஆப்பிரிக்கா வரிக்கும் நடக்கப் போறியா?"

"இல்ல. அணை வரிக்கும்."

"அணை வரிக்கும் நடந்தா அவங்களுக்கு எப்பிடிடி கூரை வரும்?"

எனக்கும் அது சரியாக விளங்கவில்லை. காலனியில் யாரைக் கேட்டாலும் இதே கேள்விதான். கடைசியில் அம்மாதான் சொன்னாள், மோட்டார் வூட்டம்மாவைக் கேட்டுப் பார் என்று.

ஊரில் முதன்முதலாகக் கிணற்றுக்கு மின்சார மோட்டார் வைத்த வீடு அது. அதனால் அந்த வீட்டுக்கு அந்தப் பெயர். அம்மாவுக்கு வேலை பெரும்பாலும் அவர்கள் கரும்பிலும் நெல்லிலும்தான். மோட்டார் வூட்டம்மாவின் கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு மகன், ஒரு மகள். மகளைச் சங்கராபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றோடு வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். இதுவும் தங்காவிட்டால் மாமியார் வீட்டில் வேறு பெண் பார்ப்பார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவள் கொல்லைப் பக்கம் வந்து நிற்கும்போது பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்பாள்.

மகன் கல்லூரி முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டு எழுதிப்போட்டுச் சலித்துப்போயிருந்தான். நாங்கள் சின்னவரு என்போம். அவன் என்று எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. தங்கள் சாதிக்குத் தனியாக இட ஒதுக்கீடு வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஊர்ச் சுவர் முழுக்க அதைத்தான் எழுதியிருந்தார்கள். எங்களுக்கும் ஒதுக்கீட்டில் ஒரு சங்கடம் இருந்தது. வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்த நாளிலிருந்து தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் எங்களுக்கு இடம் கிடையாது, ஆனால் காலனியில் மட்டும் இடம் அப்படியே இருந்தது. எங்கள் சங்கடத்தைச் சுவரில் எழுத எங்களுக்குச் சுவர் இல்லை.

மோட்டார் வூட்டம்மா களத்தில் எள் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் களத்துக்கு வெளியே நின்றோம். நான் அட்டையை நீட்டாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"எந்தக் கோயிலுக்கு?" என்றார்.

"கோயில் இல்லீங்கம்மா. அணை வரிக்கும்."

"யாருக்கு வேண்டிக்கினு?"

"ஆப்பிரிக்காவுல கொழந்தைங்க படிக்கறதுக்குங்க."

"கொழந்தைங்களுக்கா?"

"ஆமாங்கம்மா."

அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். முகமே மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் வேண்டிக்கொண்டவர்களால் நடக்க முடியாவிட்டால் அவர்களுக்காக வேறு ஒருவர் நடப்பதுண்டு. காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தனுப்புவார்கள். நடக்கிறவருக்குப் பலன் இல்லை, அனுப்பியவருக்குத்தான். மோட்டார் வூட்டம்மாவுக்கு யானைக்கால். மகளுக்காக ஒரு மலைக்கோயிலுக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, ஊர் எல்லை தாண்ட முடியாமல் திரும்பியவர் அவர். குழந்தைகளுக்காக நடக்கிறேன் என்று ஒரு பெண் தானே வந்து களத்தில் நின்றால் அவர் வேறு என்ன நினைப்பார்? மைல் கணக்கெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை.

"மைலுக்கு இவ்ளோன்னு நான் குடுக்க மாட்டன். அது கூலி மாதிரி இருக்குது. முழுசா நடந்துட்டு வா. ஒரு மூட்டை நெல்லு வெலை உங்க சிஸ்டருக்குக் குடுக்கறன். ஆனா எம் பொண்ணுக்கு வேண்டிக்கினுதான் நடக்கணும். பாதியில நிக்கக் கூடாது, திரும்பக் கூடாது."

உள்ளே போய் ஒரு மஞ்சள் கயிறு எடுத்து வந்தார். காப்பு. அதை என் கையில் அவர் கட்டவில்லை. உயரத்திலிருந்து அம்மாவின் உள்ளங்கையில் போட்டார். அம்மா வாங்கி என் மணிக்கட்டில் கட்டினாள். மூன்று முடிச்சு. வீட்டுக்குத் திரும்பும்போது அம்மாவைக் கேட்டேன், நாம் வேதக்காரர்கள், இதெல்லாம் கட்டலாமா என்று. அவங்க கேட்டு எப்படி இல்லைன்னு சொல்லுவ என்றாள் அம்மா. விடுதியில் சிஸ்டர் பார்த்துவிடக் கூடாதே என்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன். நடக்கும் நாள்வரை கறி சாப்பிடவில்லை. விடுதியில் கறி போடுவதே மாதத்துக்கு ஒரு முறை. அது அந்த வாரத்தில் வந்தது.

ஒதுக்கீடு கேட்டு அவர்கள் நடத்தப்போகும் சாலை மறியல் அடுத்த வாரம் என்றுதான் பேச்சு. அதற்கு முன்னால் நடையை முடித்துவிடலாம் என்று சிஸ்டர் சனிக்கிழமை வைத்தார். விடிகாலையில் கிளம்பினோம். முன்னால் ஒரு துணிப்பதாகை, பின்னால் சிஸ்டர், நடுவில் வரிசை வரிசையாக நாங்கள். தலையில் துணித் தொப்பி. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். எந்த ஊர் மாதா கோயிலுக்கும்மா என்று ஒருவர் கேட்டார். ஒரு பெரியவர், எந்தக் கட்சி என்று கேட்டார். வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் வந்துவிட்டோம். தூரத்தில் கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. அந்த மலை மேலே இருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லாத ஊர்கள் எத்தனையோ இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஆப்பிரிக்காவுக்காக நடந்தோம். என் கூட்டாளி ஒருத்தி அதைச் சொல்லியே விட்டாள். சிஸ்டர் கேட்டும் கேட்காதமாதிரி பாட்டை உரக்கப் பாடினார்.

நான் பாடவில்லை. ஒவ்வொரு மைல் கல்லிலும் அந்த அக்காவின் வயிற்றை நினைத்துக்கொண்டேன். யாரிடம் வேண்டுவது என்று எனக்குக் குழப்பம். ஏசுவிடம் வேண்டினால் மோட்டார் வூட்டம்மாவின் சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று பயம். அதனால் பொதுவாக, பிள்ளை நல்லா பொறக்கணும் என்று மட்டும் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

வடக்கனந்தலுக்குள் நுழைவதற்கு முன்பே சத்தம் கேட்டது. கோடாலிச் சத்தம். வளைவு திரும்பினால் சாலையின் குறுக்கே ஒரு முழுப் புளியமரம் கிடந்தது. பச்சை இலையோடு, காயோடு. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். மறியல் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டது.

கூட்டத்தில் மோட்டார் வூட்டம்மாவின் மகன் நின்றான். தலையில் துண்டு, கையில் அரிவாள். சிஸ்டரைப் பார்த்ததும் அரிவாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தான்.

"சிஸ்டர், பசங்களக் கூட்டிக்கினு திரும்பிப் போயிடுங்க. மேல போவ முடியாது."

"நாங்க வண்டியில வரலையேப்பா. நடந்துதானே போறோம். மரத்தைத் தாண்டிப் போயிடறோம்."

"நடந்து போனாலும் ரோடு ரோடுதானுங்க. ஆளாளுக்கு நடந்து போயிட்டா அப்பறம் மறியலுக்கு இன்னா மரியாதி? தப்பா நெனச்சிக்காதீங்க. எங்களுக்கும் படிப்பு வேணும், வேலை வேணும். அதுக்குத்தான் நாங்களும் நிக்கிறோம்."

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்கும் நிலையில் நான் இல்லை. வரிசையை விட்டு வெளியே வந்து சட்டைக் கையை மேலே தள்ளிக் காப்பைக் காட்டினேன்.

"உங்க வூட்டுலதாங்க கட்டிவுட்டாங்க. உங்க அக்காவுக்குங்க. திரும்பக் கூடாதுன்னாங்க."

அவன் என் கையைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கண்ணில் அது தெரிந்தது. ஒரு ஆள் மட்டும் போகட்டும் என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்.

"யாருய்யா அது? காலனிப் பொண்ணா? அதுகிட்ட இன்னா பேச்சு?"

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். "போம்மா, போ. வூட்டுல ஆயிரம் சொல்லுவாங்க," என்றான்.

சிஸ்டர் என் தோளைப் பிடித்து வரிசைக்குள் இழுத்தார். எங்கள் ஊர் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அணை அதற்கும் கொஞ்சம் மேலே. ஒரு மணி நேர நடைகூட மிச்சம் இருக்காது. நான் அழுதேன். கால் வலியில் அழுகிறேன் என்று நினைத்து சிஸ்டர் குளுகோஸ் கொடுத்தார். நடந்தவரைக்கும் கணக்குப் போட்டு வசூலித்துக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது என்று எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கணக்கில் நாங்கள் நடந்ததற்கு மதிப்பு இருந்தது. என் கையில் கட்டியிருந்த கணக்கில் பாதி என்று ஒன்று கிடையாது. திரும்பி நடக்கும்போது எங்களுக்குப் பின்னால் இன்னொரு மரம் விழும் சத்தம் கேட்டது.

அந்த வாரம் முழுக்க பஸ் ஓடவில்லை. ஜில்லா முழுக்க மரங்கள் சாய்ந்து கிடப்பதாகவும் காலனிகள் எரிவதாகவும் விடுதிக்குச் செய்தி வந்துகொண்டே இருந்தது. எங்கள் காலனி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடந்தேன். பஸ் விட்ட அன்றே வீட்டுக்கு ஓடினேன். காலனி அப்படியே இருந்தது. அம்மாதான் ஒருமாதிரி இருந்தாள்.

நாங்கள் திரும்பிய அன்று மத்தியானமே அந்த அக்காவுக்கு வலி எடுத்திருக்கிறது. நாள் இன்னும் இருந்தது, முன்னாலேயே எடுத்துவிட்டது. கார் பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். வடக்கனந்தலில் கார் நின்றுவிட்டது. மரத்துக்கு இந்தப் பக்கமும் மரம், அந்தப் பக்கமும் மரம். கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி ஒவ்வொரு மரமாகத் தாண்டி, மாட்டு வண்டி கிடைத்து, அதுவும் அடுத்த மரத்தோடு நின்று, மறுபடியும் தூக்கி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டிருந்தது. அக்கா பிழைத்தாள். ஆண் குழந்தை என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பார்த்தாள். காப்பு விடுதியில் குளிக்கும்போது இற்றுப் போய் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

"ஊருல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? காப்புக் கட்டிக்கினு பாதியில திரும்பிட்டாளாம் காலனிப் பொண்ணு. அதான் புள்ள தங்கலன்னு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மரத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. சாலையில் கிடந்த மரம் அவர்கள் கண்ணில் படவில்லை, என் கால்தான் பட்டிருக்கிறது. ஆனால் கோபத்துக்குக் கீழே பயமும் இருந்தது. ஒருவேளை உண்மைதானோ என்று நினைத்தேன். பதினான்கு வயதில் எதையும் முழுசாக நம்பாமல் இருக்க முடியாது. அந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணிலேயே நின்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்தால், எங்கள் தெருமுனை அடிபம்புக்குப் பக்கத்தில் மோட்டார் வூட்டம்மா நின்றுகொண்டிருந்தார். அந்த வீங்கிய காலோடு ஓடையைத் தாண்டி நடந்து வந்திருக்கிறார். காலனிக்குள் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு விலகினார்கள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய் முன்னால் நின்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"உம் பொண்ண அந்த மிச்சத்த நடக்கச் சொல்லு," என்றார்.

அம்மா தலையைக் குனிந்தபடியே இருந்தாள். அப்புறம் நிமிர்ந்தாள். அவர் முன்னால் அம்மா நிமிர்ந்து பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எம் பொண்ணு நிக்கலீங்கம்மா. அத நிறுத்துனாங்க. காப்பக் காமிச்சும் வுடல. நிறுத்துனது யாருன்னு கேட்டுப் பாருங்க. மரத்த யாரு வெட்டுனாங்கன்னு கேட்டுப் பாருங்க."

நாளையிலிருந்து அந்த வீட்டில் வேலை இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. மோட்டார் வூட்டம்மா கத்துவார் என்று நினைத்தேன். அவர் அடிபம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கீழே விழாமல் இருக்கத்தான் பிடித்தார்.

"எனக்குத் தெரியாதாடி? கார் வந்து நின்னதப் பாத்துட்டு அவனே ஓடியாந்து அந்த மரத்தத் தள்ளிப் பாத்தான்டி. நவுரல. தோளெல்லாம் தோலு உரிஞ்சி போச்சி. அன்னிலேந்து பின்கட்டுல சுருண்டு கெடக்கிறான். சோறு எறங்கல. அவனப் போயி கேக்கச் சொல்றியா? கேட்டா மருந்தக் குடிச்சிடுவான். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன். யார் மேலயாச்சும் போட்டுத்தானே ஆவணும். அதான் உம் பொண்ணு மேல போட்டேன்."

அவர் அழவில்லை. இதை எங்கள் தெருவில் வந்து சொல்ல முடிந்தது, அவர் தெருவில் சொல்ல முடியவில்லை. எனக்கு அம்மா மறுக்க வேண்டும் என்றிருந்தது. முடியாது, போங்க என்று சொல்ல வேண்டும் என்றிருந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"எப்பங்க நடக்கணும்?"

"இப்பவே."

வடக்கனந்தலுக்கு நடந்து போய், அந்தப் புளியமரத்துக்குப் பக்கத்திலிருந்து மறுபடி அணைப் பக்கம் நடக்க ஆரம்பித்தோம், நானும் அம்மாவும். மரத்தை ஓரமாக உருட்டிவிட்டிருந்தார்கள். அம்மா செருப்பில்லாமல் நடந்தாள். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. யாருக்கு வேண்டுவது என்று தெரியவில்லை, அந்தக் குழந்தைதான் போய்விட்டதே. அணையில் தண்ணீர் குறைவாக இருந்தது. கும்பிட அங்கே ஒன்றும் இல்லை. கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

திரும்பும்போது மோட்டார் வூட்டம்மா வாசலில் காத்துக்கொண்டிருந்தார். திண்ணைப் பக்கம்கூடப் போகாமல் தெருவிலேயே நின்றோம்.

"முடிச்சிட்டியா?" என்றார் என்னைப் பார்த்து.

"முடிச்சிட்டங்கம்மா."

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. காலை இழுத்து இழுத்து வேகமாக உள்ளே போனார். மகளிடம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மகள் கூடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வாசலிலிருந்தே தெரிந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு போய்ப் பின்கட்டுக் கதவைத் தட்டிச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு நடந்து முடிச்சிட்டாடா. எந்திரிச்சி சோறு துன்னு."